‘பேனல் போச்சு’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஐயா,

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் பழைய மானிட்டர் வாங்குவோர், படம் வராவிட்டால் ‘பேனல் (படம் காட்டும் திரைப் பகுதி) போச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல நேரம் பேனல் நன்றாகவே இருக்கும்.

‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் கோளாறு வேறிடத்தில். தனி கிராபிக்ஸ் கார்டு (படத்தை உருவாக்கும் அட்டை) உள்ள சிபியுவில் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். அப்படியும் படம் வராவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு சிபியுவுக்குள் உள்ள ராமை (நினைவக அட்டை) கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள்.

படம் முழுக்க மஞ்சளித்தால், பெரும்பாலும் விஜிஏ கேபிளில் (பழைய வகை மானிட்டர் கேபிள்) நீலத்துக்கான 3ஆம் பின் (ஊசி) சரியாகத் தொடவில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின்களில் பச்சைக் களிம்பு ஏறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

இரண்டு விநாடி படம் வந்து இருண்டால், திரையில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நலம். திரைக்குப் பின்னாலுள்ள விளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போர்டோதான் பழுது. பவர் போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர்களும் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) இதற்குக் காரணமாகலாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்துப் போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள பெரிய கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் தயவுசெய்து மூடியைத் திறக்க வேண்டாம்.

கெபாசிட்டர் கோளாறு சூடேறியபின் மறைந்துகொள்ளலாம். ஆகவே கடைக்காரர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரைக் காட்டாமல், ஆறிய நிலையில் வாங்குபவர் கண்முன் ஆன் செய்து காட்ட வேண்டும்.

பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
மார்த்தாண்டம்.