வியாழக்கிழமை மதியம்: எங்கள் வாசகர் வட்டத்தின் 2025 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், கையிருப்பு எவ்வளவு என்று எழுதுவதுதான் வழக்கம். அதை எழுதினேன், அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஏனென்றால் இந்த வருடம் முழுக்க நாம் ஒரே ஒரு வீட்டைத்தான், ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் இறந்த வீட்டைத்தான், சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். நம்மில் பாதிப் பேர் ரோமுக்கு வந்து பத்து, பதினைந்து வருடம் ஆகிறது. ஸ்பான்யா மெட்ரோவில் இறங்கி அந்த வீட்டு வாசலை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம், உள்ளே ஒருவரும் போனதில்லை. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி அந்த வீட்டைப் பற்றித்தான். பொறுமையாகப் படித்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வாருங்கள், கடைசியில் இரண்டு தீர்மானம் இருக்கிறது.

ஸ்பானியப் படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால் வலது கைப் பக்கம் இருக்கிற கட்டடம், பியாட்ஸா தி ஸ்பான்யா 26ஆம் எண். அதன் இரண்டாவது மாடிக்கு 1820 நவம்பர் நடுவில் காசநோய் முற்றிய நிலையில் ஜான் கீட்ஸ் வந்து சேர்ந்தார். 1821 பிப்ரவரி 23 இரவு 11 மணிக்கு அங்கேயே இறந்தார், வயது 25. இன்று அதற்குக் கீட்ஸ்-ஷெல்லி இல்லம் என்று பெயர். இன்னொரு ஆங்கிலக் கவிஞரான ஷெல்லி அங்கே குடியிருந்தவர் இல்லை. இத்தாலிக்கு வந்து எழுதி, இங்கேயே மாண்டுபோன இரண்டு பேரையும் சேர்த்து நினைக்கிற இடம் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் காலத்துக் கவிஞர் பைரனுக்கும் அங்கே பங்கு உண்டு, ராவென்னா நகரில் திருவிழாவுக்கு அவர் போட்டுக்கொண்ட மெழுகு முகமூடி அங்கேதான் இருக்கிறது. அறைகள் சின்னவை, சுவர் முழுக்கப் புத்தகம், 8,000க்கும் மேல்.

கூட்டங்களை ஏன் வியாழக்கிழமைக்கு மாற்றினோம் என்று சிலர் கேட்டார்கள். வீட்டு வேலையிலும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் இருக்கிற நம் உறுப்பினர்களுக்கு வியாழன் மதியமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு பூசை இருக்கிறது, அந்த இல்லமும் ஞாயிறு திறக்காது. சரி, வியாழன் என்று முடிவு செய்தோம். முதல் தடவை எல்லோரையும் ஒரு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். ஒன்றிலிருந்து இரண்டு வரை அங்கே சாப்பாட்டு இடைவேளை, கதவு மூடியிருந்தது. முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. படிக்கட்டில் உட்காரவும் முடியாது, 2019இலிருந்து அபராதம் போடுகிறார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற பார்காச்சா நீரூற்றுப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றோம். அந்தத் தண்ணீர்ச் சத்தம் மேலே படுத்திருந்த கீட்ஸுக்கும் கேட்டிருக்கும் என்று நம் ஃபாதர் சொன்னபோது, காத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றியது.

ஏப்ரல் கூட்டம் நடக்கவில்லை. 21ஆம் தேதி போப் பிரான்சிஸ் இறந்துபோனார், 24ஆம் தேதி வியாழன் நம்மில் பலர் புனித பேதுரு பேராலயத்து வரிசையில் நின்றோம். கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலிப் புனித ஆண்டு என்பதால் ஊரே வருடம் முழுக்க நிரம்பி வழிந்தது, பேருந்தில் ஏறி நேரத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. இதையெல்லாம் மீறி வந்தவர்களுக்கு நன்றி.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். கீட்ஸ் படுத்திருந்த அறை ஒடுக்கமானது, சன்னல் வழியாகப் பார்த்தால் படிக்கட்டு. அங்கே இப்போது இருக்கிற கட்டில் அவருடையது இல்லை. காசநோய் வந்தவர் இறந்தால் அறையில் இருந்ததையெல்லாம் எரித்துவிட வேண்டும் என்பது அன்றைய ரோமின் சட்டம், எரித்துவிட்டார்கள், சுவரையும் சுரண்டினார்கள். கணப்பு அடுப்பும், மேலே பூப்பூவாகச் செதுக்கி வண்ணம் பூசிய கூரையும் மட்டும் அன்று இருந்தவை. மல்லாந்து படுத்தவர் கண்ணில் பட்டது அந்தப் பூக்கள்தான். தன்மேல் டெய்சிப் பூக்கள் முளைப்பது இப்போதே தெரிகிறது என்று அவர் சொன்னாராம்.

அவரோடு வந்தவர் ஜோசப் செவர்ன், ஓவியர், 26 வயது. நெருங்கிய நண்பர் என்றுகூடச் சொல்ல முடியாது, வேறு யாரும் வர முடியாத நிலையில் சில நாள் அவகாசத்தில் கிளம்பி வந்தவர். சமைத்தார், துடைத்தார், படித்துக் காட்டினார், வாடகைக்கு ஒரு பியானோ எடுத்து ஹெய்டன் வாசித்தார். மருத்துவர் கிளார்க் ஒரு நாளைக்கு ஒரு நெத்திலியும் ஒரு துண்டு ரொட்டியும்தான் என்று பத்தியம் போட்டு, அதற்கு மேல் இரத்தமும் எடுத்தார். அன்றைக்கு அதுதான் வைத்தியம். பசியில் கீட்ஸ் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர் செவர்ன். வலி தாங்காமல் உயிரை முடித்துக்கொள்ளக் கீட்ஸ் கேட்ட அபினிச் சாராய மருந்தைக் கொடுக்க மறுத்து, மருத்துவர் கையில் ஒப்படைத்தவரும் அவரே. அதற்காகக் கீட்ஸ் அவரைத் திட்டியிருக்கிறார்.

அங்கே செவர்ன் வரைந்த ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. தலையணையில் சாய்ந்த முகம், வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி, பின்னால் ஒரு கருநிழல். கீழே அவர் கையெழுத்தில்: ஜனவரி 28, விடியற்காலை 3 மணி, விழித்திருப்பதற்காக வரைந்தது, இரவெல்லாம் அவர் மேல் சாவு வியர்வை. நம்மில் ஒரு அக்கா பதினோரு வருடமாக முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், அவர் கையில் மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஃபாதர் அந்த வரிகளைத் தமிழில் சொன்னதும் அந்த அக்கா ஓவியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகும் நகரவில்லை. கூப்பிடப் போனேன். "மூணு மணிதான் மோசமான நேரம்" என்றார். "தூங்கிட்டா அவங்க கூப்பிடுறது கேக்காது. நான் கம்பளி பின்னுவேன். இவர் படம் வரையத் தெரிஞ்சவர், வரைஞ்சிருக்கார்."

கீட்ஸைப் பற்றி நான் கல்லூரியில் படித்தவள், குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்டதில் இதைவிடச் சரியான ஒன்று என் குறிப்பில் இல்லை. "அவருக்குத் தெரியுமா, பிழைக்க மாட்டோம்னு?" என்றும் கேட்டார். தெரியும். மருத்துவம் படித்தவர், தம்பி டாமை இதே நோயில் 1818 டிசம்பரில் பறிகொடுத்தவர், கூட இருந்து பார்த்துக்கொண்டவர். முதல் தடவை இருமலில் இரத்தம் வந்தபோதே நிறத்தைப் பார்த்து இது சாவுச் சீட்டு என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு சங்கதி, திரும்பும்போது மெட்ரோவில் ஃபாதர் சொன்னது. இரவில் தான் அசந்துவிட்டால் மெழுகுவர்த்தி அணைந்து கீட்ஸ் இருட்டில் விழிப்பாரே என்று செவர்ன் ஒரு வேலை செய்தார். ஒரு மெழுகுவர்த்தியின் அடியிலிருந்து அடுத்ததின் திரி வரைக்கும் ஒரு நூலைக் கட்டிவைத்தார். முதலாவது எரிந்து தீரும்போது நூல் பிடித்து, சுடர் ஊர்ந்து போய் அடுத்ததைப் பற்ற வைக்கும். ஒரு நாள் விழித்திருந்த கீட்ஸ் அதைப் பார்த்துவிட்டு, ஒரு குட்டித் தேவதை வந்து விளக்கேற்றிவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னாராம். அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நிறுத்தம் கழித்து "நூல்ல மெழுகு தடவியிருப்பார்" என்று மட்டும் சொன்னார்.

வீடு எப்படி இன்று வரை நிற்கிறது என்பதையும் மே, ஜூன் கூட்டங்களில் பேசினோம். 1903இல் ரோமில் இருந்த சில அமெரிக்க, ஆங்கிலேய, இத்தாலிய எழுத்தாளர்கள் கூடிப் பேசினார்கள், ஒரு சங்கம் அமைத்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நன்கொடை திரட்டினார்கள், 1906இல் வீட்டை வாங்கினார்கள். 1909 ஏப்ரலில் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் திறந்துவைத்தார். இன்றைக்கும் அந்தச் சங்கம்தான் நடத்துகிறது. நுழைவுச் சீட்டு, சின்னக் கடை, உறுப்பினர் சந்தா, நன்கொடை, இவைதான் இது போன்ற வீடுகளின் சாப்பாடு. மேல் மாடியில் ஒரு வீட்டை, பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. இவ்வளவு பெரிய சுற்றுலா இடத்தின் நடுவே இருந்தும் படிக்கட்டில் படம் எடுக்கிறவர்களில் மிகச் சிலரே பக்கத்து வாசலில் ஏறுகிறார்கள். செலவோ நிற்பதில்லை. கடிதம், முடிக்கற்றை, நீர்வண்ண ஓவியம் எல்லாம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகிறவை. அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பார்கள், ஒரு சாதாரண வரவேற்பறை விளக்கைவிடக் குறைவு. ஈரப்பதம் ஏறி இறங்கினால் காகிதமும் தோல் அட்டையும் கெடும். ரோமின் ஆகஸ்ட் வெயிலில் இதைக் காப்பாற்றுவது தினசரி வேலை, யாரும் பாராட்டாத வேலை.

அங்கே பார்த்த மற்றப் பொருள்களில் நம் சிஸ்டர்கள் அதிக நேரம் நின்றது சிப்பி வடிவ வெள்ளிப் பேழை முன்னால். மில்டனின் முடியும் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் முடியும் அதற்குள் இருக்கின்றன. ஷெல்லியின் தாடை எலும்புத் துண்டு ஒன்றும் இன்னொரு ஜாடியில் இருக்கிறது. "நம்ம அருளிக்கம் மாதிரியே வச்சிருக்காங்க" என்றார் ஒரு சிஸ்டர், புனிதர்களின் எலும்பையும் முடியையும் கோவிலில் வைப்போமே, அதை நினைத்து. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

யுத்தக் கதையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். காப்பாளர் வேரா காச்சாத்தோரே 1942 டிசம்பரில் முக்கியமான பொருள்களை இரண்டு பெட்டியில் கட்டி, மேலே எதுவும் எழுதாமல், மோன்தே கஸ்ஸினோ மடத்துக்கு அனுப்பிவைத்தார். மலை உச்சி மடம், அங்கே பத்திரம் என்று எல்லோரும் நினைத்த காலம். 1943 அக்டோபரில் போர் நெருங்கியது. ஜெர்மானியர்கள் மடத்துப் பொருள்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். அப்போது மடத்தின் ஆவணக் காப்பாளர் டோம் மவுரோ இங்வானெஸ் அந்த இரண்டு பெட்டியையும் தன் சொந்தச் சாமான் என்று சொல்லி ரோமுக்கு எடுத்து வந்து திருப்பிக் கொடுத்தார். 1944 பிப்ரவரி 15 அன்று குண்டு விழுந்து மடம் தரைமட்டமானது. அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் நாம் பார்த்ததில் பாதி இன்று இல்லை. செவர்ன், காச்சாத்தோரே, இங்வானெஸ் மூன்று பேருமே கவிதையால் பேர் வாங்கியவர்கள் இல்லை. இவர்கள் பெயரை நம் உறுப்பினர்கள் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தியை நீட்டி எழுதினேன்.

செப்டம்பரில் பதினான்கு பேர் ராவென்னா போய் வந்தோம். பைரன் 1819இலிருந்து 1821 வரை இருந்த குவிச்சோலி மாளிகையில் 2024 நவம்பரில் பைரன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பெரிதாக, புத்தம் புதிதாக, திரையும் ஒலியுமாக நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். எனக்கு அந்தச் சின்ன அறையே போதும் என்று இருந்தது. ரயிலில் போய்வரும் நேரம் கூடிவிட்டது, அடுத்த முறை ஒரு இரவு தங்குகிற மாதிரி திட்டமிட வேண்டும். ஷெல்லி கடைசியாக இருந்த சான் தெரென்சோ கடற்கரைக்கும் போக நினைத்தோம், விடுப்பு ஒத்துவரவில்லை. 1822 ஜூலை 8 அன்று படகு மூழ்கி, பத்து நாள் கழித்து உடல் ஒதுங்கியபோது, சட்டைப்பையில் இருந்த கீட்ஸ் புத்தகத்தையும் வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டார்கள். அந்தக் கடலைப் பார்க்காமல் விட மனதில்லை. 2026இல் பார்ப்போம்.

கணக்கு: சந்தா எல்லோரும் கட்டியிருக்கிறார்கள், மூவர் நீங்கலாக, அவர்களிடம் நேரில் பேசியிருக்கிறேன். செலவு நுழைவுச் சீட்டு, ராவென்னா ரயில், நகல் எடுத்தது, பூ. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு கொஞ்சம் மீதி இருக்கிறது.

தீர்மானம் இரண்டு. ஒன்று, அந்த மீதியிலிருந்து இல்லத்தை நடத்துகிற சங்கத்துக்கு நம் வட்டத்தின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புவது. எவ்வளவு என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும், ஐம்பது யூரோ என்றாலும் வருடம் தவறாமல் போக வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டு, பிப்ரவரியில், ரோமின் தெஸ்தாச்சோ பகுதியில் பழைய ரோமானியப் பிரமிடுக்குப் பக்கத்திலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போவது. கீட்ஸின் கல்லில் பெயர் கிடையாது, தண்ணீரில் பெயர் எழுதப்பட்ட ஒருவர் இங்கே என்று மட்டும் போடச் சொன்னார், நண்பர்கள் அதற்கு மேலே இன்னும் சில வரிகள் சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் செவர்ன். 58 வருடம் கழித்து 1879இல் இறந்த அவரை நண்பருக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். நினைவு நாளான 23ஆம் தேதி 2026இல் திங்கள்கிழமை வருகிறது, அக்காவுக்கும் இன்னும் பலருக்கும் வேலை. அதனால் 26ஆம் தேதி வியாழன் மதியம் வைத்துக்கொள்ளலாம். கீட்ஸை அடக்கம் செய்ததும் 26ஆம் தேதிதான். பிரமிதே மெட்ரோ வாசலில் இரண்டரை மணிக்கு நிற்கிறேன். பூ வாங்குகிறவர்கள் இரண்டு கல்லறைக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

செயலாளர்