நம் ஹாக்கி கழகத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 6 முறை கூடியது. 11 பேர் கொண்ட குழுவில் ஒருநாளும் 7 பேருக்கு மேல் வந்ததில்லை.

மே மாதக் கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடந்தது. ஆகஸ்ட் 29, தியான்சந்த் பிறந்தநாளில் ஐவர் ஆட்டம் வைத்தோம். ஓணம் விடுமுறையில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த அணியுடன் நட்பு ஆட்டம், 2-2. நவம்பர் 1, நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளில் நடத்த வேண்டிய பள்ளி அணிகளின் போட்டி மழையால் நின்றுபோனது. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்றால் செம்மண் மைதானம் என்னதான் செய்யும்?

இனி, எல்லாரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் சென்டர் ஹாஃப், அதாவது நடுக்களத்தில் ஆடும் தம்பியை வெளி அணிக்குக் கொடுத்தது பற்றிச் சாயாக்கடையில் பல மாதிரி பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

கோல்கீப்பர் காலில் கட்டும் பேடு இரண்டும் கிழிந்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். புதிய செட் வாங்கக் கையில் பணம் இல்லை. வேன்காரருக்கும் பாக்கி. அந்த நேரத்தில்தான் பக்கத்து மாவட்டத்து அணி ஒன்று, 2 ஆட்டக்காரர்களும் ஒரு முழு கோல்கீப்பர் செட்டும் தருகிறோம், தம்பிக்குத் தடையில்லாக் கடிதம் கொடுங்கள் என்று கேட்டது. போன் வந்தது இரவு 9 மணிக்கு. காலையில் அவர்கள் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 41 பேர் பார்த்தீர்கள். 3 பேர் கட்டைவிரல் காட்டினீர்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தலைவர், பொருளாளர், நான் மூவரும் பேசி முடிவெடுத்தோம். கையெழுத்துப் போட்டது நான். அதை மறுக்கவில்லை.

வந்த இருவரில் ஒருவர் மூன்று வாரம் ஆடிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மற்றவருக்கு முழங்கால் வலி. செட்டைப் பிரித்துப் பார்த்தால் இடது பேடில் வார் இல்லை, ஹெல்மெட் பள்ளிக்கூடப் பையன் தலைக்குத்தான் சேரும். நாங்கள் முன்னாடியே பார்க்கவில்லை, எழுதியும் வாங்கவில்லை.

ஆனால் பெரிய தவறு அதுவல்ல. எட்டாம் வகுப்பில் நம் முகாமுக்கு வந்த தம்பியிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அணிக்காரர்கள் போன் செய்துதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கழகத்து மட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "கிரிப் போயிருந்தது அண்ணாச்சி, புதுசு சுத்திட்டேன்" என்றார். அப்புறம், "நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றார். வீட்டில் சாயா போட்டுக் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். மட்டை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

கனடாவில் மகன் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பெரிய அணிகளிலேயே இப்படி நடக்கிறது என்று ஆறுதல் சொன்னார். ஐஸ் ஹாக்கிக் கதை. 1995 டிசம்பர் 2 அன்று மான்ட்ரியால் அணி சொந்த ஊரில் டெட்ராய்ட்டிடம் 11-1 என்று தோற்றது. கோல்கீப்பர் பாட்ரிக் ர்வாவை 9 கோல் விழும்வரை பயிற்சியாளர் வெளியே எடுக்கவில்லை. எடுத்ததும் ர்வா நேராக அணி நிர்வாகத்தின் தலைவரிடம் போய், இதுவே இங்கே என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நாலே நாளில் அவரையும் கேப்டன் மைக் கீனையும் கொலராடோவுக்குக் கொடுத்து 3 பேரை வாங்கினார்கள். அடுத்த ஜூனில் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. ர்வா இருந்தபோது 1986இலும் 1993இலும் கோப்பை வாங்கிய மான்ட்ரியாலுக்கு அதன்பிறகு கோப்பையே இல்லை. எனக்கு இது ஆறுதலாக இல்லை. அங்கே ஆட்டக்காரரே போகிறேன் என்றார். நம் தம்பி அப்படிச் சொல்லவே இல்லை.

கால் இறுதியில் அவரையே எதிர்த்து ஆட வேண்டி வந்தது. 2-0 என்று தோற்றோம். இரண்டும் பெனால்டி கார்னர், இரண்டும் அவருடைய டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையோடு இழுத்து வீசும் அடி), கோல்கீப்பரின் இடது காலுக்கு வெளியே தரையோடு. நம் மைதானத்தில் செங்கல் வைத்து வருடக்கணக்காகப் பழகியது அந்த இடம்தான். கோல் போட்டுவிட்டு அவர் கையைத் தூக்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, வெளியே கொஞ்சம் பாக்கி உண்டு. ஆனால் சந்தாவை நான் சொல்லியே ஆக வேண்டும். மாதம் 100 ரூபாய். 62 உறுப்பினர்களில் 39 பேர் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. அது மட்டும் 46,800 ரூபாய். அந்தப் பணம் வந்திருந்தால் அந்த இரவு போனை எடுத்து, வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், முதலுதவிப் பெட்டி தந்த மருந்துக்கடைக்காரருக்கும், கோடு போடச் சுண்ணாம்பு தந்தவருக்கும் நன்றி.

ஆட்டக்காரரின் சொந்தக் கடிதமும் பொதுக்குழுவின் ஒப்புதலும் இல்லாமல் இனி யாரையும் விடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். தம்பிக்குக் கொடுத்த கடிதம் ஒரு பருவத்துக்குத்தான். அது முடிந்ததும் தலைவரும் நானும் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறோம். வெறும் கையோடு போக மனம் வரவில்லை. ஒரு நல்ல செட்டும், மாதம் இரண்டு தடவையாவது செயற்கைப் புல்தரைக்குக் கூட்டிப்போக வேன் வாடகையும் கையில் இருந்தால் பேசலாம்.

செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வந்தால் பதிவேடுகளை இன்றே ஒப்படைக்கிறேன். அதுவரை ஞாயிறுதோறும் காலை 6 மணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு மைதானத்தில் இருப்பேன். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்