அம்மா ஒத்துழைக்கவில்லை என்று எழுதியவர்களுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்
22 அக்டோபர் 2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு
(எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனம்)

பொருள்: உங்கள் பெயரில் வந்த மோசடி அழைப்பு, அதற்குப் பிறகு உங்களிடமிருந்தே வந்த அழைப்பு, மூடப்பட்ட எங்கள் புகார்

ஐயா / அம்மையீர்,

முந்தாநாள் தீபாவளிக்கு அம்மாவின் கைபேசிக்குத் தமிழில் ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள். புள்ளிகளெல்லாம் எழுத்தை விட்டுத் தனியே தொங்கிக்கொண்டிருந்தாலும் தமிழ்தான். அதை அனுப்பத் தெரிந்த இடத்தில் இதைப் படிக்கவும் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் இணைத்திருக்கிறேன். ஆனால் இதுதான் மூலம். காரணம், அம்மா சொன்ன ஒரு நிபந்தனை: "என்னைப் பற்றி நீ என்ன எழுதுறேன்னு எனக்குப் புரியணும். எழுதிட்டு வாசிச்சுக் காட்டு." அம்மாவுக்கு 71 வயது. கோயில் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பில் தமிழ் படித்தவர். முப்பது வருடம் துணி ஆலையில் வேலை பார்த்தவர். கணக்கு எண்ணும் மற்ற விவரங்களும் தனித்தாளில் இருக்கின்றன.

நடந்தது இது.

அக்டோபர் 2, வியாழக்கிழமை, இணையம் மிகவும் மெதுவாக இருக்கிறது என்று அம்மா உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தார். உங்களிடமிருந்து ஒரு புகார் எண்ணும், "எங்கள் நிபுணர் விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்" என்ற குறுஞ்செய்தியும் வந்தன. அக்டோபர் 4, சனிக்கிழமை காலை 10:20-க்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. புரட்டாசி மூன்றாம் சனி. விளக்கேற்றி, வடைக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, எண்ணெய் காயக் காத்திருந்திருக்கிறார். போனில் இருந்தவன் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். புகார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சரியாகச் சொன்னான். ஆகஸ்டில் உங்கள் ஆள் வந்து சுவரிலிருந்த பெட்டியை மாற்றிவிட்டுப் போனதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் ஒருவர் என்ன சந்தேகப்படுவார்? அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். போனில் யார் பேசினாலும் காலண்டரின் பின்பக்கம் குறித்துக்கொண்டே பேசுவார். அதனால் அந்த ஐம்பது நிமிடமும் ஏறக்குறைய வரிசையாக எங்களிடம் இருக்கிறது.

லைனில் கோளாறு இல்லை, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அதுதான் வேகத்தைக் குடிக்கிறது என்றான். "உங்கள் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்துகிறது, செய்தியில் பார்க்கவில்லையா?" என்று கேட்டான். அம்மா பார்த்திருந்தார். அது உண்மையும்கூட. 2025 அக்டோபர் 14 அன்று அது முடிந்தது. உண்மையை முதலில் கொஞ்சம் ஊட்டிவிட்டுத்தான் பொய்யைக் கொடுத்திருக்கிறான்.

பிறகு விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்க வைத்தான். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் வரிகள். "ஒவ்வொன்றும் ஒரு தாக்குதல், எண்ணிப் பாருங்கள்" என்றான். அம்மா எண்ணவும் எண்ணியிருக்கிறார், பாவம். எந்த ஆரோக்கியமான கணினியில் அதைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அதில் ஒரு வரி விழும். அடுத்து ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டச் சொன்னான். அம்மாவின் குறிப்பில் அது 'அசோக்' என்று இருக்கிறது; அவன் சொன்னது assoc என்ற கட்டளை. திரையில் ஓடிய பட்டியலின் கடைசியில் இருந்த நீளமான எண்ணைக் காட்டி, இது உங்கள் கணினியின் தனி அடையாள எண், எங்கள் பதிவிலும் இதுவே இருக்கிறது, நீங்களே சரிபாருங்கள் என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். 888டிசிஏ60 என்று தொடங்கும் எண். அம்மா சரிபார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

திங்கட்கிழமை நான் என் அலுவலகக் கணினியில் அதே சொல்லைத் தட்டினேன். அதே எண். பக்கத்து மேசைக் கணினியிலும் அதே எண். உலகத்தில் உள்ள விண்டோஸ் எல்லாவற்றிலும் அது ஒன்றேதான். ஏதோ ஒரு கோப்பு வகைக்கு விண்டோஸ் தரும் உள்பெயர் அது, அவ்வளவுதான். அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

அப்புறம் தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை இறக்க வைத்து, அதில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கர்சர் தானாக நகர ஆரம்பித்தது. இடையில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. அதையும் எழுதச் சொல்கிறார் அம்மா. கோப்பு ஏதோ இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், "சாப்பிட்டியாப்பா?" என்று அவனைக் கேட்டிருக்கிறார். "இன்னும் இல்லை மா" என்றானாம். நம்ம ஊர்க் குரல் மாதிரி இருந்தது, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளையாக்கும் என்று நினைத்தாராம். இந்தியாவிலிருந்தே பேசியிருந்தால் அங்கே அப்போது மணி இரண்டு தாண்டியிருக்கும். அவன் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்று மெய்யாக இருந்திருக்கலாம்.

பாதுகாப்பு மென்பொருளுக்கு 180 ராண்ட் கட்டணம், வங்கிக் கணக்கில் நுழையுங்கள் என்றான். நுழைந்ததும் திரை கறுத்துவிட்டது. "சுத்தம் செய்கிறோம், தொடாதீர்கள்." கைபேசியில் வங்கி ஆப் ஒப்புதல் கேட்டது. கண்ணாடி சமையலறையில் இருந்ததால் அம்மா படிக்காமலே அழுத்திவிட்டார். போனது 8,900 ராண்ட். இரண்டாவது முறை கேட்டபோது எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்து வந்து படித்தார். "தம்பி, இதுல பன்னிரண்டாயிரம்னு போட்டிருக்கே?" அதற்குப் பிறகு அவன் குரலே மாறிவிட்டது. "அழுத்து, இல்லாவிட்டால் கணினி எரிந்துபோகும்" என்று கத்தினான். அம்மா ஒப்புதல் கொடுக்கவில்லை, பதிலும் பேசவில்லை. சுவரில் இருந்த ரவுட்டர் ப்ளக்கைப் பிடுங்கினார். லோட்ஷெட்டிங் காலத்தில் ஏற்பட்ட பழக்கம், எதுவானாலும் முதலில் ப்ளக்கைப் பிடுங்குவது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய சரியான காரியமும் அதுதான்.

வங்கியோடு உள்ள வழக்கை நாங்கள் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். காவல் நிலையத்திலும் பதிவு செய்தாயிற்று. தென் ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் அம்மாவின் பெயரை இலவசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். கணினியை முழுவதும் அழித்து, விண்டோஸை மறுபடி நிறுவி, மைக்ரோசாஃப்டின் ஓராண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பிலும் சேர்த்துவிட்டேன். உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. உங்களைப் பற்றிய புகார் இனிமேல்தான் வருகிறது.

அன்று மதியமே உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். 47 நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு வந்த பெண், "நாங்கள் வாடிக்கையாளர்களை ஒருபோதும் அப்படி அழைப்பதில்லை, இது மைக்ரோசாஃப்ட் பெயரில் நடக்கும் மோசடி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார். புகார் எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். எதற்கான கடவுச்சொல் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது, அதை வாசித்தார்.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை, அம்மாவின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத சாதாரணக் கைபேசி எண். பேசியவர் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, தொழில்நுட்பப் பிரிவு என்றார். புகார் எண்ணைச் சொன்னார். "சரிபார்ப்புக்காக உங்கள் ஐடி எண்ணை முழுதாகச் சொல்லுங்கள்" என்றார். நம் நாட்டின் அந்த 13 இலக்க அடையாள எண்ணில் ஒருவரின் பிறந்த தேதியே அடங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மா போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தது, வைத்தார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை.

அக்டோபர் 9 அன்று உங்களிடமிருந்து குறுஞ்செய்தி: புகார் மூடப்பட்டது. காரணம், வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை.

நான் விசாரித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தது நிஜமாகவே உங்கள் அழைப்புதான். உங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஆள், சொந்தக் கைபேசியிலிருந்து பேசியிருக்கிறார்.

இரண்டு அழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் உங்கள் பெயரையும் எங்கள் புகார் எண்ணையும் சொன்னார்கள். தாங்கள் யார் என்று நிரூபிக்க உண்மையான வழி எதுவும் தராமல், அம்மா நம்பிச் சொன்னபடி செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், கத்த ஆரம்பிக்கும்வரை சனிக்கிழமை பேசியவன்தான் கூடுதல் மரியாதையாகப் பேசினான். இப்படி வருகிற அழைப்புக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று எங்களைப் பழக்கியது நீங்கள்தான். மாதாமாதம் பில்லோடு "மோசடி அழைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்று ஒரு தாளும் அனுப்புகிறீர்கள். அம்மா முதல் தடவை உங்கள் அழைப்பு என்று நம்பி எச்சரிக்கையை விட்டார், 8,900 ராண்ட் போனது. இரண்டாம் தடவை எச்சரிக்கையாக இருந்தார், ஒத்துழைக்காதவர் என்று பெயர் வாங்கினார். மூன்றாவதாக அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் காட்டுங்கள்.

உங்கள் ஊழியர்தான் தகவலை விற்றார் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரரிடமிருந்து கசிந்திருக்கலாம், வேறு வழியும் இருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை உருவான ஓர் எண் சனிக்கிழமை காலை ஒரு திருடன் வாயிலிருந்து வந்திருக்கிறது. நாங்கள் அதை யாருக்கும் சொல்லவில்லை. நாம் போப்பியா என்று சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, அது 2021 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, நீங்களே பெரிய மின்னஞ்சலாக எங்களுக்கு விளக்கினீர்கள். அதன் 23-ஆம் பிரிவின்படி, அம்மாவின் தகவல்கள் உங்களிடம் என்னென்ன இருக்கின்றன, வெளியார் யார் யார் கையில் அவை போயிருக்கின்றன என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. இந்தக் கடிதத்தின் மூலம் கேட்கிறார். ஆகஸ்டில் பெட்டி மாற்ற வந்தவரின் நிறுவனமும், செவ்வாய்க்கிழமை பேசியவரின் நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தகவல் கசிந்ததாக நம்ப இடமிருந்தால் 22-ஆம் பிரிவின்படி அம்மாவுக்கும் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்துக்கு நாங்களே எழுதுவோம்.

மூடிய புகாரைத் திறங்கள். லைன் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. அந்த வைரஸ் கதை பொய் என்பதால் கோளாறு உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். "ஒத்துழைக்கவில்லை" என்ற குறிப்பை அம்மாவின் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவியுங்கள். எனக்குக்கூட அது பெரிதாகப் படவில்லை. ஆனால் கடிதத்தை இதுவரை வாசித்துக் காட்டியபோது அம்மா தலையை நிமிர்த்திக் கேட்ட இடம் அதுதான்.

அழைக்கும் முறையையும் மாற்றுங்கள். பெரிய செலவு ஆகாது. உங்கள் ஆள் கூப்பிட்டால் பெயரை மட்டும் சொல்லட்டும், "பில்லில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள்" என்று சொல்லி வைத்துவிடட்டும். அப்படி வரும் அழைப்பு 47 நிமிடம் காத்திருக்கக் கூடாது. ஐடி எண்ணை யாரும் போனில் கேட்கக் கூடாது. வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்த ஒரு சொல்லைப் பதிவில் வைத்துக்கொண்டு, உங்கள் ஆள் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது. அம்மா ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தில் அதை எழுத வேண்டாம் என்கிறார். உங்களிடம் அதைக் கொடுத்தால் யார் கையில் போகுமோ என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நிபுணரை அனுப்பும்போது எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வருகிறார் என்பதைத் தபாலில் அனுப்புங்கள். வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்று அடையாள அட்டையைக் காட்டட்டும், நான் உங்கள் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகு திறக்கிறோம். போனில் கூப்பிட வேண்டாம், அம்மா எடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்

(முழுவதும் வாசிக்கக் கேட்டேன். சரியாக இருக்கிறது. – அம்மாவின் கையொப்பம் தனித்தாளில்)