சரிக்குப் பின்னால் ஒரு புள்ளி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஆடி நோம்பிக்கு வர முடியாது, லீவு கிடைக்கவில்லை என்று போன வாரம் பெங்களூரிலிருந்து செய்தி போட்டிருந்தாய். நான் அப்போது சாயப்பட்டறை வாசலில் ஒரு கையில் ஷேடு துண்டும் மறு கையில் போனுமாக நின்றிருந்தேன். 'சரி' என்று அடித்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பழக்கியபடி ஒரு முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். "ஏண்ணா, பிள்ளை மேல கோவமா? அழுதுட்டு இருக்கறா."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அரை மணி நேரம் விசாரணை நடந்த பிறகுதான் அந்தப் புள்ளி பிடிபட்டது. "மாமா வெறும் சரின்னு போட்டிருந்தா போச்சாது, புள்ளி வெச்சுப்போட்டாரு" என்று சொன்னாயாம்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் விட்டுவிடுவாய். அதோடு, இதே மாதிரி புள்ளி வைத்து மாட்டிக்கொண்ட மாமன்மார் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னது உன் பிரமை இல்லை. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போனில் வரும் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி இருந்தால், அனுப்பியவர் மனசார எழுதவில்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லையாம். நான் போனில் தட்டினாலும் என் கை இன்னும் சீட்டுதான் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளியே நம்மிடம் பிறந்ததும் இல்லை. முற்றுப்புள்ளி அச்சு யந்திரத்தோடு கப்பலில் வந்த சரக்கு. ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியையே விட்டுவிடுவார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும். அது 'க'வா 'க்'கா, எகரமா ஏகாரமா என்று படிப்பவர்தான் முன்னும் பின்னும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். புள்ளி இல்லாமல் அத்தனை நூற்றாண்டு ஓட்டிய ஜாதியில் பிறந்துவிட்டு, ஒரு புள்ளிக்காக நாம் ரெண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

உன் கணக்கிலும் ஒன்று பாக்கி இருக்கிறது. மண்டையோட்டை மறந்துவிடவில்லையே?

உன் அமுச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கண்புரை ஆப்பரேஷன் முடிந்து வந்த அன்று, பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுத் திண்ணையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததை உன் தம்பி படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டான். எல்லாரும் கும்பிடும் கையும் பூவுமாக வரிசை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் நீ மூன்று மண்டையோட்டு எமோஜியை வரிசையாக வைத்தாய். உன் பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஆசுபத்திரியில இருந்து வந்த மனுசிக்கு மண்டையோடா? நல்ல நாளும் அதுவுமா!" என்று எனக்குத்தான் போன் வந்தது.

சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்பதுதான் அந்த மண்டையோடு என்று நீ பிறகு விளக்கினாய். கேட்டதும் எனக்கு உடனே பிடிபட்டது. ஏனென்றால் நாமும் அதையேதான் வாயால் சொல்கிறோம்: 'சிரிச்சே செத்தேன்', 'சிரிச்சு வயிறு புண்ணாச்சு.' சொல்லாக வந்தபோது பெரியம்மாவும்கூட அதைச் சொல்லியிருக்கிறாள். படமாக வந்ததும் சுடுகாடு ஞாபகம் வந்துவிட்டது. நான் போடுகிற, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை உங்கள் வயசுக்காரர்கள் கிழவர் முத்திரை என்கிறீர்கள். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்ததே அந்த முகத்தைத்தான். அது சொல்லே இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். சில வருஷத்தில் உங்களுக்கு அது பழசாகிவிட்டது. கரைவேட்டிக்குக்கூட இதைவிட அதிகக் காலம் கொடுத்தோம்.

அந்தப் படங்கள் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். ஜப்பான் மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999இல் ஷிகேதாகா குரிதா என்பவர் அங்கே ஒரு செல்போன் சேவைக்காக 176 படங்கள் போட்டுக்கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் இடம் பன்னிரண்டு புள்ளி, பன்னிரண்டு வரிசை. நம் வீட்டு வாசல் கோலக் கணக்குதான். 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. நம்ம ஊர் மார்கழி வாசலுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.

நீ எங்கள் டி-சர்ட் ஏற்றுமதி ஆபீசில் பயிற்சிக்கு இருந்த ஆறு மாதத்தில் நான் கற்றதும் கொஞ்சமில்லை. பட்டன் விஷயம் நினைவிருக்கிறதா? கொரியப் பாட்டுக் குழு ரசிகர் கூட்டத்தில் உனக்கு ஒரு தாய்லாந்துத் தோழி. அவளிடமிருந்து 555 என்று சிரிக்கக் கற்றுக்கொண்டாய், ஏனென்றால் தாய் மொழியில் ஐந்துக்கு 'ஹா'. அந்தப் பழக்கத்தில் ஒரு நாள், பட்டன் அனுப்பும் சீனத்துப் பெண் ஏதோ வேடிக்கை சொன்னதற்கு 555 என்று தட்டினாய். அவள் பதறிப்போய், "என்ன ஆச்சு, ஏன் அழுகிறாய், பட்டன் உடைந்து வந்ததா?" என்று கேட்டாள். சீனத்தில் ஐந்துக்கு 'வூ'. மூன்று தடவை சொன்னால் விசும்புகிற சத்தம். அன்றைக்கு செக்கிங் டேபிள் வரைக்கும் சிரிப்புக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டில் சிரிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். ஸ்பானியர்கள் ஜே எழுத்தைப் போட்டு எழுதுவார்கள், அவர்கள் வாயில் அது 'ஹ'. இந்தோனேசியாவில் 'வ்க்வ்க்வ்க்', வாத்து கத்துகிற மாதிரி. ஜப்பானில் சிரிப்புக்கு 'வராய்'. அதன் ஆங்கில முதல் எழுத்தான டபிள்யூவை வரிசையாக அடித்தார்கள். பார்க்கப் புல் முளைத்த மாதிரி இருந்தது. இப்போது சிரிப்பு வந்தால் 'புல்' என்றே எழுதிவிடுகிறார்கள். இதைக் கேட்டு நீ சிரித்தாய். ஆனால் எண்ணால் பேசுவது நமக்கும் பழசு. தந்தி இருந்த காலத்தில் கல்யாண வாழ்த்துக்கு ஓர் எண், புத்தாண்டுக்கு ஓர் எண் என்று தபாலாபீசில் பட்டியல் இருக்கும். எண்ணைச் சொல்லிக் காசு கட்டினால் வாழ்த்து போய்ச் சேர்ந்துவிடும். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். உன் வயசுக்கு அதைப் பார்த்திருக்க மாட்டாய்.

அந்தத் தாய்லாந்துப் பெண் உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவள் என்று தெரிந்ததும் நீ அவளை 'பீ' என்று கூப்பிட ஆரம்பித்தாய். அவளுக்கு நீ 'நோங்'. அக்கா, தங்கச்சி. கொரியப் பெண்ணிடம் போனால் அக்காவுக்கு 'உன்னி'. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறீர்கள், ஆனால் ஆங்கிலம் எல்லாரையும் ஒரே 'யூ'வில் அடக்கிவிடுவதால், முதல் வேலையாக வயசைக் கேட்டுக்கொண்டு, அவரவர் வீட்டிலிருந்து முறைப்பேரைக் கொண்டுவந்து அதற்குள் செருகிவிடுகிறீர்கள். 2021இல் அந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 'உன்னி'யையும் 'ஒப்பா'வையும் சேர்த்துக்கொண்டது. நான் மட்டும் என்ன, இருபது வருஷமாக ஜப்பான் பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது பேருக்குப் பின்னால் 'சான்' போடாமல் அனுப்பியதில்லை. நம் 'ங்க'வைப் போட முடியாத குறையை அது கொஞ்சம் தீர்த்துவைத்தது. அந்த ஜப்பான்காரர் 'அது கொஞ்சம் கஷ்டம்' என்று எழுதினால் முடியாது என்று அர்த்தம். ஆர்டர் பார்க்கும் மற்ற மெர்ச்சண்டைசர்கள் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் விலை குறைத்துக்கொண்டே போவார்கள். நான் முதல் தடவையே புரிந்துகொண்டேன். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'பார்க்கலாமுங்க' என்று சொல்லியனுப்புவதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இவ்வளவு தெரிந்த மாமாதான் கட்டை விரலில் விழுந்தான். அதை உன்னிடம் சொல்லவில்லை, நீ சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்தது.

ஒரு ஐரோப்பிய ஆர்டர். மெரூன் டி-சர்ட். லேப் டிப், அதாவது சாயத்துக்கு ஒப்புதல் வாங்கப் போடும் மாதிரித் துணி, மூன்று துண்டு ஏ, பி, சி என்று போட்டு கூரியரில் போயிருந்தது. ஷிப்மெண்ட் தேதி நெருங்குகிறது, மெயிலில் பதில் வரவில்லை. மூன்றையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து, 'பி போகலாமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அந்த ஊர்ப் பையன், உன் வயசுதான் இருக்கும், கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நான் அன்று மாலையே சாயப்பட்டறைக்குச் சொல்லிவிட்டேன். நானூறு கிலோ துணி மெரூன் ஆனது. நாலாம் நாள் மெயில் வருகிறது: சி-தான் சரி, பி சிவப்பு அடிக்கிறது. விரல் காட்டினாயே என்றால், 'பார்த்தேன் என்று காட்டினேன்' என்கிறான். பொய்யில்லை, அவனுக்கு அது அவ்வளவுதான். துணியை மறுபடி மெஷினில் போட்டுக் கறுப்பு ஏற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் கனடா வழக்கைப் பற்றிப் படித்தேன். சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஒரு தானிய வியாபாரி 80 டன்னுக்கு மேல் ஆளிவிதை வாங்க ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து விவசாயிக்கு அனுப்பினார். அவர் பதிலுக்குக் கட்டை விரல் காட்டினார். நவம்பரில் சரக்கு வரவில்லை. அதற்குள் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 'வந்து சேர்ந்தது என்றுதான் விரல் காட்டினேன், சம்மதம் என்று இல்லை' என்றார் விவசாயி, நம்ம பையன் மாதிரியே. 2023இல் நீதிபதி அந்த விரலைக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

தீர்ப்பில் எனக்கு உறைத்த இடம் வேறு. அந்த ரெண்டு பேருக்கும் முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. முந்தைய ஒப்பந்தங்களுக்கெல்லாம் விவசாயி 'சரி', 'ஆமாம்' என்று ஒற்றைச் சொல்தான் அனுப்பியிருக்கிறார், சரக்கும் கொடுத்திருக்கிறார். நீதிபதி விரலை மட்டும் வைத்து அர்த்தம் சொல்லவில்லை, அதற்கு முந்தின பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார். எனக்கும் அந்தப் பையனுக்கும் அப்படி ஒரு பழக்கமே இல்லை. அதுதான் முதல் ஆர்டர்.

உன் அப்பச்சி, என் அப்பா, என்னைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார். விலை பேசுகிற ரெண்டு பேரும் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடிப்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். ஒரு விரல் என்றால் நூறா, ஆயிரமா என்று நான் கேட்டேன். "முன்னால நிக்கிற மாட்டைப் பாருடா" என்றார். துண்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இருக்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

உனக்கும் எனக்கும் அந்தத் துண்டு இல்லாமல் போனதுதான் கோளாறு. நாம் நேரில் பேசியே பழகியவர்கள். என் 'சரி'யை நீ இருபத்துமூன்று வருஷம் காதால் கேட்டிருக்கிறாய். அதில் செல்லமாக ஒரு 'ஞ்சாமி' ஒட்டியிருக்கும், 'ரி' கொஞ்சம் இழுத்திருக்கும். போனில் அதை முதல் முதலாக எழுத்தில் பார்த்தாய். நீ பெங்களூருக்குப் போய் நாலு மாதம்தான் ஆகிறது. இதற்கு முன்னால் நான் உனக்கு எழுதியதெல்லாம் 'பஸ் ஏறியாச்சா?' மட்டும்.

ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டன், லேபிள் ஒட்டிவைக்கும் ட்ரிம் கார்டின் பின்பக்கத்தில் நீ எனக்குக் கொரிய எழுத்துப் போட்டுக் காட்டினாய். ககரம் எழுதி, இது நாக்கின் அடி மேலே எழும்புகிற வடிவம் மாமா, நகரம் நாக்கு நுனி தொடுகிற வடிவம் என்று. 1446இல் செஜோங் என்ற அரசர் வெளியிட்ட எழுத்து, அதற்கென்று அக்டோபர் 9 அங்கே லீவு என்றெல்லாம் சொன்னாய். கண் மின்னியது உனக்கு. அதே நீ எனக்குத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்புகிறாய். கேட்டால், "தமிழ்ல அடிச்சா கல்யாணப் பத்திரிகை படிக்கற மாதிரி இருக்குதுங் மாமா" என்கிறாய். எனக்கோ உன் 'வரேன்' எல்லாம் ரெண்டு தரம் வாய்விட்டுப் படித்தால்தான் வருகிறது. மாற்றச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்று, பத்திரிகை மாதிரியே இருந்தாலும் போச்சாது, எனக்குத் தமிழ் எழுத்தில் அனுப்பு. பதிலுக்கு நான் புள்ளியை விட்டுவிடுகிறேன். வாத்தியார் இப்போது உயிரோடு இல்லை.

நேற்று அமுச்சியிடம் மண்டையோட்டு விவகாரத்தைச் சொன்னேன். பெரியம்மா மறைத்து வைத்திருந்ததால் அவளுக்கு இதுவரை தெரியாது. போனை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "சிரிச்சுச் செத்துட்டேன்னு அர்த்தமுங்காத்தா" என்றேன். "அவ எதுக்குச் சாகோணும், வரிசையில நானல்ல முன்னால நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பொக்கை வாயில் சிரித்தாள். அப்புறம், அதையே நாலு போட்டு உனக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன். வந்ததா, பார்.

மாமன்
திருப்பூர்