பாலாற்றங்கரையில் கண்டி ராஜா

அன்பு நண்பா,

நலம். உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி முற்றிப்போய், கீழே உட்கார்ந்து காய் நறுக்கக்கூட முடியவில்லை. கடைக்குப் போவது, சமையலில் பாதி, எல்லாம் இப்போது என் பொறுப்பு. நம்மூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கும் மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. எண்ணெய்க் கத்தரி செய்யும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இலங்கையில் கண்டி ஏரிக்கரையில் நின்றபோது அந்த வழிகாட்டி சொன்னதைக் கேட்டு உனக்கு வந்த கோபம் கடிதத்தில் அப்படியே தெரிகிறது. "நம்மூரில் மண்டபம் கட்டி வைத்திருக்கும் ராஜாவைப் பச்சைப் பிள்ளைகளைக் கொன்றவன் என்கிறான். நீ சரித்திரம் நடத்தியவன், எது நிஜம் சொல்" என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை இருக்கும் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போனேன். ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். உள்ளே கல்லறைக் கல்லின்மேல் யாரோ ஒரு முழம் சாமந்தி வைத்திருந்தார்கள். வைத்து இரண்டு நாள் இருக்கும், ஓரமெல்லாம் கருகியிருந்தது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்: "ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொடுங்கோலன் என்பது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை." சொல்ல எனக்குக் காரணமும் இருந்தது. கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்து, 1798-ல் பட்டத்துக்கு வந்த நாயக்கர் வம்சத்துப் பிள்ளை. 1815-ல் நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர், மார்ச் 2-ஆம் தேதி எழுதிய ஒப்பந்தத்தில் முதல் வேலையாக அவருடைய கொடுமைகளைத்தான் சொல்கிறார்கள். அதைக் காட்டியே 'மலபார்' (தென்னிந்தியரை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்) வம்சத்துக்கு இனி அந்த அரியணையில் உரிமை கிடையாது என்கிறார்கள். திருட வந்தவனே வீட்டுக்காரனுக்கு நடத்தைச் சான்று எழுதினால் எப்படி நம்புவது என்று வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஆனால் உன் வழிகாட்டி சொன்ன அந்தப் பச்சைப் பிள்ளைகள் செத்தது நிஜம். முதல் மந்திரி போல இருந்த எகலப்பொல 1814-ல் ராஜாவுக்கு எதிராகக் கிளம்பி, ஆங்கிலேயரிடம் ஓடினார். ராஜாவின் கையில் அவர் சிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள் சிக்கினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். அண்ணன்காரன் பயந்து அம்மாவைக் கட்டிக்கொண்டபோது, தம்பி மத்தும பண்டார தானே முன்னால் போய் நின்றான் என்று அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள். உன் வழிகாட்டியும் அதைச் சொல்லியிருப்பார். உரலில் போட்டு இடிக்க வைத்தார்கள் என்று மேலும் ஒரு கதை உண்டு, அதை விட்டுவிடலாம். மிச்சமே போதும். இதை ஆங்கிலேயர் தங்கள் லாபத்துக்காக ஊரெல்லாம் பரப்பினார்கள் என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. நான் பிள்ளைகளிடம் அந்தப் பையனைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். நாயக்கர் நம்மவர், நம் வேலூர்க் கோட்டையில் பதினாறு வருஷம் கைதியாகக் கிடந்து 1832 ஜனவரி 30-ல் செத்தவர் என்ற பாசம் என் கண்ணை மறைத்துவிட்டது.

ராஜாவைக் கொடியவன் என்ற அந்த நல்லவர்கள், ஆங்கிலேயர்கள், அப்புறம் என்ன செய்தார்கள் என்பதையும் அந்த வழிகாட்டி சொன்னாரா? மூன்றே வருஷத்தில் கண்டி நாட்டின் ஊவாப் பக்கம் மக்கள் எழுந்தபோது, வீடுகளையும் நெல்லையும் கொளுத்தித்தான் அடக்கினார்கள். எகலப்பொலவையே கடைசியில் மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1829-ல் அங்கேயே செத்தார். ராஜா வேலூரில், மந்திரி மொரீஷியஸில். நீ நின்று ரசித்த அந்த ஏரியை வெட்டியவரும் இதே ராஜாதான். கூலியில்லாமல் ஜனங்களைப் பிடித்து வேலை வாங்கினார் என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது.

நம் கோட்டையில் மட்டும் என்ன? 1806 ஜூலை 10. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தொப்பி போடு என்று ஆங்கிலேயர் உத்தரவு போட்டதும் அவர்களுடைய இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அவனுக்கு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிலை. இங்கே மக்கான் பக்கம் சிப்பாய்களுக்கு நினைவுத் தூண். அந்தத் தூணைக் கடக்கும்போது நான் இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த வெள்ளைக்கார நோயாளிகளும் செத்தார்கள் என்பதையும் நான் பாடத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை இன்னொன்று. சின்ன வயதில் நாம் ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்த கூத்தில் தேசிங்கு ராஜாதான் வீரன், ஆற்காட்டு நவாபு எதிரி. அந்த நவாபு சதாதுல்லா கான்தான், 1714-ல் தேசிங்கு செத்து, மனைவி உடன்கட்டை ஏறியதும், அவள் நினைவாக அந்த ஊரை வைத்தார் என்பார்கள். எதிரியின் மனைவிக்கு ஊர் வைத்தாரே என்று நவாபை மெச்சுகிறோம், குதிரையேறிப் போனானே என்று தேசிங்கை மெச்சுகிறோம். தீயில் இறங்கிய பெண் ஊர்ப்பெயரில் வெறும் ராணிதான். பஸ்ஸில் ராணிப்பேட்டை தாண்டும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அவர் வீரனா கொடியவனா என்று நீயும் அந்த வழிகாட்டியும் சண்டை போட வேண்டாம். திருப்பி அடிக்க முடியாதவர்களை அவர் என்ன செய்தார் என்று முதலில் கேள். அந்த இடத்தில் கண்டி ராஜாவுக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியவில்லை. நாட்டைப் பறிகொடுத்து, பிறந்த மண்ணுக்கும் ஆண்ட மண்ணுக்கும் நடுவே ஒரு கோட்டைக்குள் அடைபட்டுச் செத்த மனுஷனுக்காக இரக்கப்படாமலும் இருக்க முடியவில்லை. கிளம்பும்போது அந்தப் பழைய சாமந்தியை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வாங்கிப்போன பூவை வைத்தேன். பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, படி இறங்கி வந்து ஆற்று மணலில் போட்டேன். அது அந்தப் பையனுக்கு.

மழை விழுந்ததும் ஒரு வாரம் தங்குகிற மாதிரி கிளம்பி வா. அந்த ஏரியைப் படம் எடுத்திருப்பாயே, ஒரு பிரதி போட்டு அனுப்பு. பழைய மாணவர்கள் சிலர் இன்னும் வீட்டுக்கு வந்து போகிறார்கள். அவர்களிடம் காட்டி, விட்டதைச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்
வேலூர்