படத்துக்குக் கீழே பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் பிக்காசோவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இங்கே தமிழ்ப் பத்திரிகையில் ஓவியத்துக்கு அவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம், அதனால் முதலில் சந்தோஷம்தான் பட்டேன். பசியாறிக்கொண்டே அதைப் புரட்டிய என் அக்கா, அதில் இருந்த 'அழும் பெண்' படத்தில் விரலை வைத்து, "இது யாருடா தம்பி?" என்று கேட்டார். கீழே பார்த்தேன். 'பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம், 1937', அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் டோரா மார். பிக்காசோவைச் சந்திப்பதற்கு முன்பே பாரிசில் பேர் வாங்கிய புகைப்படக் கலைஞர். 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிகா ஊர்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட பிறகு பிக்காசோ வரைந்தாரே, ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில், அந்த ஓவியம் கட்டம் கட்டமாக எப்படி மாறி வந்தது என்பதைக் கூடவே நின்று படம் பிடித்து வைத்தவர் இவர்தான். அப்படிப்பட்டவர் அதே வருடம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுகிற ஒரு முகமாக மாறிப்போனார். பிறகு பிக்காசோவின் வாழ்க்கையில் பிரான்சுவாஸ் ஜிலோ வந்தார், டோரா ஒதுக்கப்பட்டார், மனம் உடைந்து சிகிச்சைக்குப் போகும் நிலைக்கு வந்தார்.

பிக்காசோவின் நீலக் காலத்தை, அதாவது அவர் எல்லாவற்றையும் நீலத்தில் வரைந்த இளமைக் காலத்தை, 'இளமை வறுமையின் சோகம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வறுமை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1901 பிப்ரவரியில் அவருடைய நண்பர் காசகேமாஸ், தன்னை வேண்டாம் என்று சொன்ன ஜெர்மேன் என்ற பெண்ணைப் பாரிஸ் உணவகம் ஒன்றில் சுட்டு, குறி தப்பி, தன்னையும் சுட்டுக்கொண்டு செத்தார். பிக்காசோ அப்போது மாட்ரிட்டில் இருந்தார். சில மாதம் கழித்து பாரிசுக்கு வந்தவர் தங்கியது செத்தவனுடைய ஸ்டூடியோவில், சேர்ந்துகொண்டது அதே ஜெர்மேனோடு, வரைந்தது பொட்டில் குண்டுக் காயத்தோடு கிடக்கும் அந்த நண்பனின் முகத்தை. அவனை நினைத்துத்தான் நீலத்துக்குப் போனேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் துக்கம் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. துக்கமும் நிஜம், துரோகமும் நிஜம், படமும் நன்றாக இருக்கிறது, அதுதான் தொண்டையில் நிற்கிறது.

ரோஷம் ஏன் என்று கேட்பீர்கள். எண்பதுகளில் இங்கே பினாங்கில் ஒரு நாடகக் குழு இருந்தது. அதை நடத்தியவர் இப்போது இல்லை, பெயர் வேண்டாம். மேடையில் அவரைப் போல ஓர் ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை, இன்றைக்கும் சொல்வேன். அக்கா அந்தக் குழுவில் ஒன்பது வருடம் இருந்தார். நடித்தார், உடை தைத்தார், மைக் செட்டுக்குக் காசு இல்லாத ஒரு நாளில் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். சங்கிலி திரும்பி வரவில்லை, அது போகட்டும். அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை பிறை என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். துக்கம் கேட்க வீட்டுக்கு வந்த நாடகக்காரர் எங்கள் சமையல்கட்டில் உட்கார்ந்து, அக்கா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அம்மாகூடச் சொன்னார்.

அடுத்த வருட நாடகத்தில் கதாநாயகி சொல்கிறாள்: "தீபாவளிக்கு அவருக்குத் தைச்ச சட்டையில காலர் மட்டுந்தான் பாக்கி. இப்ப அதைத் தைச்சு முடிக்கறதா, பிரிக்கறதா?" அக்கா சமையல்கட்டில் சொன்னது, ஒரு சொல் மாறாமல். (அந்த வேஷம்கூட அக்காவுக்கு இல்லை. 28 வயதில் வயசாகிவிட்டதாம்.) மண்டபமே அழுதது, நானும்கூட ஒரு நொடி அழுதுவிட்டேன், அதற்காக இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அக்கா மட்டும் அழவில்லை. "போலாமா" என்றார். பஸ் வரும் வரைக்கும் எதுவும் பேசவில்லை.

அந்த நாடகக்காரர் இறந்தபோது அக்கா போனார். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார், பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பும் வரை இருந்தார். நம்மவர்கள் பகையாளியைக்கூடச் சாவு வீட்டு வாசலில் தடுக்க மாட்டார்கள். 1973இல் பிக்காசோ செத்தபோது சொந்தப் பேரன் பாப்லிட்டோவை உள்ளே விடவில்லை. கதவைச் சாத்தியது கடைசி மனைவி ஜாக்குலின். அந்தப் பையன் தன்னையே மாய்த்துக்கொள்ள முயன்று, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். 17 வயதில் பிக்காசோவிடம் அகப்பட்ட மரி தெரேஸ் 1977இல், கதவைச் சாத்திய அதே ஜாக்குலின் 1986இல், இருவரும் தங்கள் கையாலேயே. இதில் ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் இல்லை.

கலையைப் பார், ஆளைப் பார்க்காதே என்பார்கள். சரி, பார்க்கலாம். படத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லையே. படத்தில் இருப்பவரின் பெயரைப் போடுங்கள் என்கிறேன். ஜிலோவை வெறுமனே 'காதலி' என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் ஓவியர்தான். 1953இல் இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார். அந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியபோது பிக்காசோ கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கப் பார்த்துத் தோற்றார். ஜிலோ 101 வயது வரை இருந்து 2023இல்தான் இறந்தார்.

அப்புறம் இன்னொன்று. பிக்காசோ பாரிசில் இறந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். தெற்கு பிரான்சில், மூஜான் என்ற ஊரில். அதையும் திருத்திவிடுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து,
ஒரு வாசகர்