பயாப்சி அனுப்பும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவைச் சிகிச்சை மருத்துவர்களே, கதிரியக்கவியல் மருத்துவர்களே,

நீங்கள் எடுத்தனுப்பும் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லும் நோயியல் மருத்துவர் நான். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. படிவத்தில் நீங்கள் எழுதுவது மட்டுமே தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குப்பி வந்தது. உள்ளே நூல் போன்ற இரண்டு திசு இழைகள். படிவத்தில் "பெண், 62, கழுத்துக் கட்டி, புற்றா?" என்று மட்டும் இருந்தது. முதல் ஸ்லைடிலேயே புற்று என்பது தெரிந்துவிட்டது. எந்த உறுப்பிலிருந்து கழுத்துக்கு வந்தது என்பதுதான் தெரியவில்லை.

புற்றணு எங்கே போய்க் குடியேறினாலும், பிறந்த திசுவுக்கு உரிய சில புரதங்களைப் பெரும்பாலும் விடாமல் செய்துகொண்டிருக்கும். அவற்றைத்தான் சாயமேற்றித் தேடுகிறோம். அன்று, மார்பகப் புற்றில் பெரும்பாலும் காணப்படும் கேட்டா3 என்ற புரதத்தின் சாயம் பளிச்சென்று வந்தது. உட்கருக்கள் எல்லாம் காப்பிக்கொட்டை நிறம். மார்பகம் என்று எழுதிவிட முடியுமா? முடியாது. சிறுநீர்ப்பைப் புற்றிலும் அதே கேட்டா3 அதே நிறத்தில் வரும். 1996இல் கண்டறியப்பட்ட மாமாகுளோபின் என்ற புரதம் மார்பகத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் கணிசமான மார்பகப் புற்றுகளில் அது தென்படுவதே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியிலும் கருப்பை உட்சுவர்ப் புற்றிலும் சில சமயம் தலைகாட்டும். இந்தத் திசுவில் அது இல்லை. மார்பகத்துக்கு மட்டுமே சொந்தமான புரதம் என்று ஒன்று இதுவரை எங்கள் கையில் இல்லை. அண்மையில் வந்த டிஆர்பிஎஸ்1 என்ற புரதச் சாயம், கேட்டா3 கைவிடும் மும்மை எதிர்மறைப் புற்றுகளில் (ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும், மிகையான ஹெர்2 புரதமும் இல்லாத மார்பகப் புற்றுகள்) பெரிதும் உதவுகிறது, ஆனாலும் அது தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் வேண்டும். தடிமன் 3, 4 மைக்ரான்தான். ஆனால் திசுவை மெழுகில் பதித்த பாரபின் பிளாக்கை வெட்டும் கருவியில் மறுபடி பொருத்தி முகத்தைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் திசு வீணாகிறது. வார்டுக்குத் தொலைபேசினேன், யாருக்கும் விவரம் தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாளின் மகள் சொன்னார்: "பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது." அந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால், நுரையீரல், தைராய்டு என்று வீடு வீடாகக் கதவு தட்டியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். திசுவை எடுத்ததும், அதைக் கெடாமல் காக்கும் திரவமான பார்மலினில் போடுங்கள். ஈரத்துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கவனிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இறங்க வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்று வரையறுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தாமதத்தில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சிதைந்தால் ஸ்லைடில் சாயம் பிடிக்காது. நூற்றில் ஒரு புற்றணுவில் சாயம் பிடித்தாலே நேர்மறை என்று கொள்கிறோம். அந்த ஒன்று உங்கள் மேசையிலேயே தொலைந்துபோகலாம். அப்போது ஒரு பெண்ணுக்குப் பலன் தரக்கூடிய ஹார்மோன் மாத்திரை மறுக்கப்படும். மறுத்தது தவறு என்று பிறகு யாருக்கும் தெரியவும் வராது.

ஆகவே முன்பு வந்த புற்று, செய்த அறுவை, ஸ்கேனில் கண்டது, திசு எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். எடுக்க முடிந்தால் இன்னும் ஓர் இழை கூடுதலாக எடுங்கள்.

அந்த அம்மாளுக்கு, புற்றணுவை வளரத் தூண்டும் ஹெர்2 புரதத்துக்கான சாயம் இரண்டுங்கெட்டானாக, 2+ என்று வந்தது. மரபணுப் பெருக்கத்தைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தரலாமா என்று முடிவு செய்ய முடியும். பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வெறும் மெழுகுதான் இருந்தது. அவர் கழுத்தில் மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஒரு நோயியல் மருத்துவர்